பிறவியிலேயே முன்பல் இல்லாதவர்களுக்கு: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்திலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோர், கல்யாணத் தேதி குறித்தபின் வரும் இளைஞர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. கேட்டவர்கள் பேச்சிலேயே தந்திருக்கிறோம்.

பதில்களில் மூன்று பெயர்கள் அடிக்கடி வரும். மேல்வரிசையில் நட்டநடுவே இருக்கும் பெரிய இரண்டும் நடுப்பற்கள். அவற்றை ஒட்டி இருபுறமும் இருக்கும் சிறியவை பக்கப்பற்கள். அவற்றுக்கு அடுத்த கூரானவை கோரைப்பற்கள். பிறவியில் இல்லாமல் போகும் முன்பல் பெரும்பாலும் மேல் பக்கப்பல்தான்.

1. "பையனுக்கு ஒன்பது வயசாச்சு. பால்பல் விழுந்து வருசமாகியும் நடுப்பல்லுக்குப் பக்கத்துல முளைக்கல. லேட்டா வருமா, வரவே வராதா?"

மேல் நடுப்பல் 7-8 வயதிலும் பக்கப்பல் 8-9 வயதிலும் முளைக்கும். கொஞ்சம் முன்னே பின்னே ஆவது சகஜம். ஆனால் ஒரு பக்கம் முளைத்து ஆறு மாதமாகியும் மறுபக்கம் ஒன்றும் தெரியவில்லை என்றாலோ, பக்கப்பல் வராமலே கோரைப்பல் எட்டிப் பார்க்கிறது என்றாலோ காத்திருக்க வேண்டாம். ஓபிஜி என்கிற, வாய் முழுவதும் ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரே எடுங்கள். அதில் வரும் கதிர்வீச்சு, சும்மா இருந்தாலே இயற்கையில் சில நாட்களில் நம் மீது படும் அளவுதான்.

பக்கப்பல்லின் முளை குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் கெட்டிப்படத் தொடங்கிவிடும். அதனால் 8 வயதில் எக்ஸ்ரேயில் தெரியாத பக்கப்பல் பிறகு வரப் போவதில்லை. படத்தில் கோரைப்பல் எந்தத் திசையில் நிற்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வழிகாட்டப் பக்கப்பல்லின் வேர் இல்லாத இடத்தில் கோரைப்பல் திசைமாறி அண்ணத்துக்குள் சிக்கிக்கொள்வது உண்டு. 9-10 வயதில் ஈறின் வெளிப்புறத்தை விரலால் தடவினால் கோரைப்பல்லின் மேடு தட்டுப்பட வேண்டும்.

2. "மாசமா இருக்கும்போது கிரகணத்தப்ப வெளிய வந்துட்டேன், அதான்னு மாமியார் சொல்றாங்க. விழுந்த பல்லைக் கூரையில எறியாததாலன்னு இன்னொருத்தர் சொல்றாங்க. கால்சியம் மாத்திரை கொடுத்தா வருமா?"

மூன்றுக்கும் "இல்லை" என்பதே பதில். பல் முளையை உருவாக்கும் மரபணுக்களில் உள்ள மாற்றம்தான் பெரும்பாலும் காரணம். எம்எஸ்எக்ஸ்1, பேக்ஸ்9, டபிள்யூஎன்டி10ஏ என்று அவற்றில் சிலவற்றைக் கண்டறிந்திருக்கிறார்கள். தாய் செய்த எதனாலும், செய்யாமல் விட்ட எதனாலும் இது வருவதில்லை. வீட்டில் யாரும் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல வேண்டாம். கால்சியம் இருக்கிற பல்லுக்குப் பயன்படும். இல்லாத முளையை அது உண்டாக்காது.

இது அபூர்வமும் அல்ல. ஞானப்பல்லை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், ஏறத்தாழ நூறில் ஆறு பேருக்கு ஏதாவது ஒரு நிரந்தரப் பல் பிறவியில் இருக்காது. மேல் பக்கப்பல் மட்டும் நூறில் இரண்டு பேருக்கு இல்லை. ஆண்களைவிடப் பெண்களிடம் சற்றுக் கூடுதல்.

3. "தாய்மாமனைக் கட்டுனதால வந்துச்சா? அடுத்த பிள்ளைக்கும் வருமா?"

ஒன்றிரண்டு பல் மட்டும் இல்லாத வகை, பெற்றோரில் ஒருவர் பக்கமிருந்தே வந்துவிடும்; சொந்தத்தில் கட்டியதைக் காரணமாகச் சொல்ல முடியாது. ஒரே குடும்பத்தில் இது வெவ்வேறு விதமாகத் தெரியும். தாத்தாவுக்கு ஞானப்பல் இருக்காது, அம்மாவின் பக்கப்பல் குச்சிபோல் சிறுத்திருக்கும், பிள்ளைக்கு அந்தப் பல்லே இருக்காது. எனவே அடுத்த பிள்ளைக்கு 7-8 வயதில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நிறையப் பற்கள் இல்லாத சில வகைகளில் மட்டும் நெருங்கிய உறவுத் திருமணம் வாய்ப்பைக் கூட்டும். அது அடுத்த கேள்வியில்.

4. "ஒண்ணு ரெண்டு இல்லீங்க, நிறைய பல்லே இல்ல. தலைமுடியும் மெல்லிசு. வெயில்ல விளையாண்டா ஒடம்பு கொதிக்குது, வேர்வையே வராது."

இதைப் பல் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். ஞானப்பல் தவிர ஆறு அல்லது அதற்கு மேல் பற்கள் இல்லை, இருப்பவையும் கூர்க்கூராக இருக்கின்றன, முடி மெலிந்திருக்கிறது, வேர்ப்பதில்லை என்றால் எக்டோடெர்மல் டிஸ்ப்ளேசியா என்ற பிறவிக் குறைபாடாக இருக்கலாம். குழந்தை மருத்துவரிடமும் தோல் மருத்துவரிடமும் காட்டுங்கள். வேர்வைச் சுரப்பிகள் குறைவாக இருப்பதால் உடம்பு தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ள முடியாது. நம் ஊர்ச் சித்திரை, வைகாசி வெயிலில் அது உயிருக்கே ஆபத்து. நனைத்த பனியன், கூடவே தண்ணீர் பாட்டில், வகுப்பில் மின்விசிறிக்குக் கீழே இடம், உச்சிவெயிலில் விளையாட்டுப் பீரியடுக்கு விலக்கு என்று பள்ளியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பல்லுக்கு, 3-4 வயதிலேயே கழற்றி மாட்டும் சிறிய பல் செட் வைக்கலாம். தாடை வளர வளர அதை மாற்றிக்கொண்டே வரவேண்டும்.

5. "நடுப்பல்லே ஒண்ணு வரல. அதுவும் பிறவியிலேயே இல்லாததுதானா?"

அநேகமாக இல்லை. நடுப்பல் பிறவியில் இல்லாமல் போவது மிக அபூர்வம். உள்ளே ஒரு உபரிப் பல் குறுக்கே நின்று வழியை மறித்திருக்கலாம். சின்ன வயதில் விழுந்து பால்பல்லில் அடிபட்டதால் நிரந்தரப் பல் திசைமாறிக் கிடக்கலாம். அந்த உபரிப் பல்லை எடுத்தால் நடுப்பல் தானாக இறங்கவோ, கம்பி கட்டி இறக்கவோ வாய்ப்பு உண்டு. எக்ஸ்ரே பார்க்காமல் யாரும் "இல்லை" என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

இன்னொன்று: நட்டநடுவில் ஒரே ஒரு நடுப்பல் மட்டும் முளைத்திருந்தால், அதுவும் பால்பல்லிலும் அப்படியே இருந்திருந்தால், குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூக்கின் காற்றுவழி குறுகல், வளர்ச்சி ஹார்மோன் குறைவு போன்றவை அதோடு சேர்ந்து வருவதுண்டு.

6. "பால்பல் இன்னும் கெட்டியா நிக்குது. பிடுங்கிட்டா புதுப்பல் வருமா?"

எக்ஸ்ரே எடுக்காமல் பிடுங்கவே கூடாது. அடியில் முளை இல்லையென்றால் அந்தப் பால்பல்தான் எலும்பின் அகலத்தையும் இடத்தையும் காத்து நிற்கிறது. வேர் கரையாமல், ஆடாமல் இருந்தால் அதன் மேல் பல்நிறப் பசையான காம்போசிட்டைக் கட்டிப் பெரிய பல்போலக் காட்டலாம். பல ஆண்டுகள் தாங்கும். எப்போது எடுப்பது என்பதை, பல்லுக்குக் கம்பி போட்டுச் சீராக்கும் கம்பி மருத்துவரின் திட்டம்தான் முடிவு செய்ய வேண்டும்.

7. "சரி, இதுக்கு என்னதான் வழி?"

இரண்டே பாதைகள். ஒன்று, கோரைப்பல்லை முன்னே நகர்த்திப் பக்கப்பல்லின் இடத்தில் நிறுத்தி இடைவெளியை மூடுவது. மற்றது, இடைவெளியைச் சரியான அளவுக்குத் திறந்து அங்கே ஒரு பல்லை வைப்பது. பெரும்பாலும் இரண்டுக்குமே முதலில் பல்லுக்குக் கம்பி, அதாவது கிளிப், போட வேண்டியிருக்கும். ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு பிடிக்கும்.

மேல்வரிசை முன்னே தள்ளி, கீழ்வரிசை ஒழுங்காக இருந்தால் மூடுவது பொருந்தும்: இருக்கிற இடைவெளியே பற்களை உள்ளே இழுக்க உதவும். கீழ்வரிசை நெருக்கி அங்கே பல் எடுக்க வேண்டியிருந்தாலும் மூடலாம். கீழ்த்தாடை முன்னே நீண்டிருந்தாலோ, முகம் ஏற்கெனவே தட்டையாக இருந்தாலோ மூடக் கூடாது, மேலுதடு இன்னும் உள்வாங்கிவிடும். அப்போது திறப்பதே சரி. இதோடு கோரைப்பல்லின் நிறம், பருமன், சிரிக்கும்போது ஈறு எவ்வளவு தெரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டுமே சாத்தியம் என்கிற வாய்க்கு நாங்கள் மூடுவதைத்தான் சொல்வோம். சொந்தப் பல், சொந்த ஈறு, 18 வயதுக்குப் பிறகு இன்னொரு வைத்தியம் பாக்கி இல்லை. கட்டிய பல்லைச் சுற்றியுள்ள ஈறைவிட இப்படி மூடிய வாயில் ஈறு ஆரோக்கியமாக இருப்பதை நீண்டகால ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. எந்தப் பாதையானாலும் கம்பி மருத்துவரும் பல் கட்டும் மருத்துவரும் சேர்ந்து பேசியபின்தான் முதல் கம்பி ஏற வேண்டும். மாவுக்கட்டு அச்சில் மெழுகு வைத்தோ கம்ப்யூட்டரிலோ முடிவு எப்படித் தெரியும் என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

8. "கோரைப்பல்லை நடுவுல கொண்டாந்தா சிரிக்கும்போது பயங்கரமா தெரியாதா?"

நகர்த்தி மட்டும் விட்டால் தெரியும். செதுக்கினால் தெரியாது. கூர்முனையைத் தேய்த்து நேர்விளிம்பாக்குவார்கள். முன்பக்கப் புடைப்பைச் சற்றுத் தட்டையாக்குவார்கள். கீழ்ப்பல் இடிக்காதபடி உட்புறத்தைக் குறைப்பார்கள். நடுப்பல் பக்கம் உள்ள மூலையில் காம்போசிட் வைத்துப் பக்கப்பல்லின் வடிவம் தருவார்கள். தேய்ப்பதை ஒரே நாளில் முடிக்காமல், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இரண்டு மூன்று தவணைகளில் செய்தால் கூச்சம் அதிகம் இருக்காது. கோரைப்பல் இயல்பிலேயே மஞ்சள் கூடியது. அந்தப் பல்லை மட்டும் வெளுக்கச் செய்யலாம், இல்லையென்றால் வெனீர் என்கிற, பல்நிற மெல்லிய ஓட்டை முன்பக்கத்தில் ஒட்டலாம்.

நுணுக்கம் ஈறில் இருக்கிறது. பக்கப்பல்லின் ஈறு விளிம்பு, நடுப்பல்லின் ஈறு விளிம்பைவிட அரை முதல் ஒரு மி.மீ. கீழே இறங்கியிருக்கும். கோரைப்பல்லின் ஈறோ உயரத்தில் இருக்கும். அதனால் கோரைப்பல்லைச் சற்றுக் கீழே இழுத்து ஈறையும் இறக்க வேண்டும். அதற்குப் பின்னால் வரும் முன்கடைவாய்ப்பல்லை மேலே ஏற்றி, லேசாகத் திருப்பி, நீளம் கட்டிக் கோரைப்பல்போல ஆக்க வேண்டும். கம்பியைப் பிடிக்கப் பல்லின் மேல் ஒட்டும் சிறு கிளிப்பைப் பல்லின் நுனியைப் பார்த்து ஒட்டாமல் ஈறைப் பார்த்து ஒட்ட வேண்டும் என்பது இதனால்தான்.

9. "இடத்தைத் திறக்கணும்னா எவ்வளவு திறக்கணும்?"

மேல் நடுப்பல்லின் அகலம் ஏறக்குறைய 8.5 மி.மீ., பக்கப்பல் 6.5 மி.மீ. மறுபக்கத்துப் பக்கப்பல் நல்ல அளவில் இருந்தால் அதுவே அளவுகோல். இம்ப்ளான்ட், அதாவது எலும்புக்குள் ஸ்க்ரூ பதித்து அதன் மேல் பல், வைப்பதானால் கணக்கு எலும்புக்குள்ளும் பொருந்த வேண்டும். இம்ப்ளான்டுக்கும் இருபுற வேர்களுக்கும் இடையில் தலா 1.5 மி.மீ. எலும்பு தேவை. 3 மி.மீ. குறுக்களவுள்ள மெல்லிய இம்ப்ளான்டுக்கே வேர்களுக்கு நடுவில் 6 மி.மீ. வேண்டும், 3.3 மி.மீ. என்றால் 6.3.

வெளியே பார்த்தால் இடம் தாராளமாக இருக்கும், உள்ளே வேர்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருக்கும். இங்கேதான் அதிகம் தவறுகிறது. கம்பி கழற்றுவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு சிறிய எக்ஸ்ரே எடுத்து வேர்நுனி வரை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

10. "பொண்ணுக்குப் பதினாலு வயசு. இப்பவே இம்ப்ளான்ட் வச்சு முடிச்சிட்டா நிம்மதியில்ல?"

வைக்கக் கூடாது. சுவரில் அடித்த ஆணி மாதிரி இம்ப்ளான்ட் எலும்போடு இறுகி அதே இடத்தில் நின்றுவிடும். சுற்றியுள்ள பற்களோ தாடை வளர வளர எலும்போடு சேர்ந்து கீழே இறங்கும். சில ஆண்டுகளில் அந்தப் பல் மட்டும் குட்டையாக, ஈறு மேலேறித் தெரியும். அதை எளிதில் சரிசெய்ய முடியாது.

பெண்களுக்கு 17-18, ஆண்களுக்கு 20-21 என்பது தோராயம்தான். ஆறு மாதம் முதல் ஒரு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு பக்கவாட்டு முக எக்ஸ்ரேக்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து மாற்றம் இல்லையென்றால் வளர்ச்சி நின்றதாகக் கொள்ளலாம். வயதுக்கு வந்துவிட்டாள், உயரம் நின்றுவிட்டது என்பது மட்டும் போதாது.

11. "அதுவரைக்கும் ஓட்டைப் பல்லோடயா ஸ்கூலுக்குப் போறது? பசங்க கேலி பண்றாங்க."

வேண்டியதே இல்லை. கம்பி போட்டிருக்கும்போது ஒரு பிளாஸ்டிக் பல்லில் கிளிப் ஒட்டி அதே கம்பியில் கட்டிவிடலாம். பத்து நிமிட வேலை. அந்தப் பல் ஈறை அழுத்தாமல் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். கம்பி கழற்றியபின், பற்கள் நகராமல் பிடிக்கும் ரிட்டெய்னர் என்கிற, கண்ணாடிபோல் தெளிவான உறையில் பல் பதித்துத் தரலாம், அல்லது அண்ணத்தில் பதியும் பிளேட்டில் பல். பல வருடம் காத்திருக்க வேண்டுமென்றால் 13-ஆம் கேள்வியில் வரும் ஒட்டுப் பல்தான் நல்லது.

பிளேட்டைப் பிரஷ்ஷும் சோப்பும் போட்டுப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். சுடுதண்ணீர் பட்டால் வளைந்துவிடும். கழற்றியதைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். டிஷ்யூவில் சுற்றி வைத்தால் குப்பைக்குப் போய்விடும். கபடி, கிரிக்கெட் என்றால் கழற்றிவிட வேண்டும். பல் மட்டும் உள்ள பிளேட்டை ராத்திரியில் கழற்றி ஈறுக்கு ஓய்வு கொடுக்கலாம். பல் நகராமல் பிடிக்கும் ரிட்டெய்னராகவும் அதுவே இருந்தால் ராத்திரியிலும் போட வேண்டும். உங்களுடையது எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

12. "ரெண்டு பக்கத்துப் பல்லையும் ராவி ஒரே வாரத்துல ஃபிக்ஸட் பல் கட்டித் தர்றோம்கிறாங்க. அதுல என்ன தப்பு?"

சொத்தையே இல்லாத இரண்டு பற்களை வாழ்நாளுக்கும் இழக்கிறீர்கள். கேப் போட ராவும்போது பல்லின் வெளியே தெரியும் பாகத்தில் பாதிக்கு மேல் போய்விடும், திரும்ப வராது. இளம் வயதில் பல்லுக்குள் நரம்பறை பெரிதாக இருக்கும். ராவும் சூட்டிலும் ஆழத்திலும் நரம்பு செத்து, பின்னால் வேர் சிகிச்சை வரை போகும். கட்டிய பல்லும் எப்போதாவது மாற்ற வேண்டியதுதான். 20 வயதில் ஆரம்பித்தால் ஆயுசுக்குள் இரண்டு மூன்று முறை மாற்ற நேரும், ஒவ்வொரு முறையும் பல் கொஞ்சம் தேயும்.

பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே பெரிய அடைப்போ, உடைசலோ, கேப்போ இருந்தால் இது நியாயமான வழி. முழுப் பற்களாக இருந்தால், ராவுவதற்கு முன் இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள். வேகத்துக்காக ஒத்துக்கொள்ளாதீர்கள்.

13. "ராவாம ஒட்டுற பல்லுன்னு சொல்றாங்களே, அது நிக்குமா?"

நிற்கும், ஒழுங்காக ஒட்டினால். ஒரு பல்லும் அதன் ஒரு பக்கத்தில் மெல்லிய சிறகும் இருக்கும். சிறகை நடுப்பல்லின் அல்லது கோரைப்பல்லின் உட்புறத்தில் ஒட்டுவார்கள். சிறகு உலோகமாக இருந்தால் 0.7 மி.மீ. கனம் வேண்டும், மெல்லிய நடுப்பல்லில் அது சாம்பல் நிறமாக வெளியே தெரியலாம், அங்கே பீங்கான் போன்ற வெள்ளைப் பொருளான சிர்கோனியா நல்லது. ஒரு சிறகு சிர்கோனியாப் பல் பத்தாண்டு ஆய்வுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் நிலைத்திருக்கிறது.

"ரெண்டு பக்கமும் ஒட்டினா இன்னும் பலமாச்சே" என்பார்கள். முன்பல்லில் அது நேர்மாறு. இரண்டு பற்களும் வெவ்வேறு விதமாக அசையும். ஒரு சிறகு விட்டுப்போகும், மற்றது பிடித்திருப்பதால் வெளியே தெரியாது. விட்ட சிறகுக்கு அடியில் உணவு தேங்கிச் சத்தமில்லாமல் சொத்தை பிடிக்கும். ஒற்றைச் சிறகு விட்டால் பல் கையோடு வந்துவிடும், மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். விழுந்தால் டப்பாவில் போட்டுக் கொண்டு வாருங்கள். ஃபெவிக்விக் போட்டு ஒட்டாதீர்கள், அந்தப் பசையைச் சுரண்டி எடுப்பதற்குள் சிறகு பாழாகிவிடும்.

ஒட்டும் நாளில் எச்சில் படாமல் ரப்பர் ஷீட் மாட்ட வேண்டும். பல்லின் கெட்டியான மேல்பூச்சான எனாமலில் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை அரை நிமிடம் வைத்து, கழுவி, உலர்த்தி, ரெசின் சிமென்டில் ஒட்டுவார்கள். ஈரம் பட்டால் அத்தனையும் வீண். போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊரில் வளர்ந்து பல்லில் பழுப்புத் திட்டுகள் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்: அந்த எனாமலில் பிடிப்பு குறைவு, நிறம் பொருத்துவதும் தனி வேலை. பிறகு பொங்கல் கரும்பைக் கடித்து உரிப்பது, கொய்யாவையும் மாங்காயையும் முழுதாகக் கடிப்பது வேண்டாம், நறுக்கிச் சாப்பிடுங்கள். மல்லிகை கட்டும் பெண்கள் நாரைப் பல்லால் கடித்து இழுப்பதையும், தையல் வேலை செய்பவர்கள் நூலைக் கடித்து அறுப்பதையும் நிறுத்த வேண்டும். பல் விடுவதற்கு இவையே பெரிய காரணங்கள்.

14. "எலும்பு மெல்லிசா இருக்கு, எலும்பு வச்சுத்தான் இம்ப்ளான்ட்ங்கிறாங்க. பணம் புடுங்கவா?"

பெரும்பாலும் உண்மையாகவே தேவைப்படும். பல் முளைக்காத இடத்தில் எலும்பு பருமனாவதில்லை. சிபிசிடி என்கிற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேனில் அகலத்தை மி.மீ. கணக்கில் காட்டச் சொல்லுங்கள். உதட்டுப் பக்கம் இம்ப்ளான்டுக்கு வெளியே 2 மி.மீ. அளவுக்கு எலும்பு இல்லாவிட்டால், பின்னாளில் ஈறு மேலேறிச் சாம்பல் நிழல் தெரியும். எலும்பு வைத்தபின் 4 முதல் 6 மாதம் ஆற விட வேண்டியிருக்கும். இம்ப்ளான்ட் வைத்தபின் இன்னும் 3-4 மாதம்.

சின்ன வயதிலேயே வந்தால் இதைத் தவிர்க்கவும் வழி உண்டு. கோரைப்பல்லை நடுப்பல்லை ஒட்டியே முளைக்கவிட்டு, பிறகு கம்பியால் பின்னே நகர்த்தினால், அது கடந்துபோன பாதையில் அகலமான எலும்பு உருவாகியிருக்கும். எட்டு ஒன்பது வயதில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

15. "ஒரு பக்கம் பல்லே இல்ல, இன்னொரு பக்கம் குச்சி மாதிரி ஒண்ணு நிக்குது."

அடிக்கடி பார்ப்பதுதான். குச்சிப் பல்லின் வேர் நீளமாக இருந்தால் அதைக் காம்போசிட்டால் முழு அளவுக்குக் கட்டி, மறுபக்கத்தை அதே அளவுக்குத் திறக்கலாம். வேர் குட்டை என்றால் அதை எடுத்துவிட்டு இருபக்கமும் மூடுவது சமமாகத் தெரியும். கட்டுவதாக இருந்தால், கம்பி இருக்கும்போதே குச்சிப் பல்லின் இருபுறமும் இடம் விட்டு நிறுத்த வேண்டும். இடமே இல்லாமல் கட்டினால் பல் ஒடுங்கித் தெரியும். ஒரு பக்கம் மட்டும் பல் இல்லாதவர்களுக்கு நடுக்கோடு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், அதையும் சேர்த்தே திருத்த வேண்டும்.

16. "கீழ்வரிசையில ஒரு முன்பல் இல்ல."

இடைவெளி சிறிதாக இருந்து கடியும் பொருந்தினால் மூன்று பல்லோடு மூடிவிடலாம். பேசும்போது யாருக்கும் தெரியாது. மூட முடியாவிட்டால் ஒட்டுப் பல். கீழ் முன்பல்லின் அகலம் 5 மி.மீ.தான், எலும்பும் மெல்லியது. 9-ஆம் கேள்வியின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இம்ப்ளான்டுக்கு இடம் இல்லை என்பது தெரியும்.

17. "கல்யாணம் ஆவணியில. ரெண்டு மாசம்தான் இருக்கு."

இரண்டு மாதத்தில் கம்பியும் முடியாது, இம்ப்ளான்டும் முடியாது. இடைவெளியின் அளவு ஓரளவு சரியாக இருந்தால் ஒட்டுப் பல் இரண்டு மூன்று வருகையில் முடிந்துவிடும். நிச்சயதார்த்தம், போட்டோ எல்லாவற்றுக்கும் தாங்கும். பிறகு கம்பி வைத்தியத்துக்குப் போவதானால் கழற்றிக்கொள்ளலாம், பல்லுக்குச் சேதமில்லை. கல்யாண அவசரத்தில் நான்கு பற்களை ராவிக்கொள்வதுதான் நாங்கள் அதிகம் வருத்தப்படும் முடிவு.

18. "செலவு எவ்வளவு? பெரியாஸ்பத்திரியில செய்வாங்களா?"

தொகை ஆளுக்கு ஆள் மாறும். தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இம்ப்ளான்ட் என்றால் ஸ்கேன், எலும்பு, உள்ளே போகும் ஸ்க்ரூ, அதன் மேல் இணைப்பு, மேலே வரும் பல், இடைக்காலப் பல் என்று ஆறு செலவுகள் உண்டு. "இம்ப்ளான்ட் இவ்வளவு" என்று ஒரே வரியில் சொன்னால் அதில் எவை அடக்கம் என்று கேளுங்கள். வைத்து முடித்ததும் கம்பெனிப் பெயர், அளவு, லாட் எண் உள்ள ஸ்டிக்கரை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் ஸ்க்ரூ தளர்ந்தால் அது இல்லாமல் பொருத்தமான பாகம் கிடைப்பது கடினம்.

அரசு இராசாசி மருத்துவமனையின் பல் பிரிவில் முதல் பரிசோதனைக்குப் போகலாம். கீழவெளி வீதி சி.எஸ்.ஐ. கல்லூரி போன்ற பல் மருத்துவக் கல்லூரிகளில் கட்டணம் பொதுவாகத் தனியார் கிளினிக்கைவிடக் குறையும், வருகைகள் கூடும். அரசுப் பல் மருத்துவக் கல்லூரி என்றால் சென்னையிலும், சிதம்பரத்திலும், 2023-இல் தொடங்கியது புதுக்கோட்டையிலும் இருக்கின்றன. பிளவு உதடு, அண்ணப் பிளவோடு பல் இல்லாத பிள்ளைகளுக்கு ஆர்.பி.எஸ்.கே. என்கிற, அரசின் குழந்தைகள் நலத் திட்டம் உண்டு, பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் கேளுங்கள். அவர்களுக்குக் கோரைப்பல் இறங்குமுன், சுமார் 8-11 வயதில், ஈறெலும்புப் பிளவை எலும்பு வைத்து நிரப்புவது முக்கியம்.

19. "ஊர்ல ஒருத்தர் ஒரு மணி நேரத்துல பல் வச்சுவிடுறார். ஆயிரம், ரெண்டாயிரம்தான்."

வாயிலேயே இறுகும் அக்ரிலிக் பசையைப் பக்கத்துப் பற்களைச் சுற்றி அப்பி, சில சமயம் கம்பியும் சுற்றிவிடுவார்கள். பிரஷ் உள்ளே போகாது. ஈறு சிவந்து வீங்கும், தொட்டால் ரத்தம் வரும், நாற்றம் அடிக்கும், கடைசியில் பக்கத்துப் பற்கள் எலும்பு கரைந்து ஆடத் தொடங்கும். ஒரு பல் இல்லாமல் போனவர் மூன்று பல் இல்லாதவர் ஆகிறார். யாரிடம் போனாலும் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கையில் அவ்வளவுதான் பணம் என்றால், கல்லூரி மருத்துவமனையில் கழற்றி மாட்டும் பிளேட் பல் வாங்குங்கள். அது பக்கத்துப் பல்லைக் கெடுக்காது.

20. "கம்பி கழட்டி ரெண்டு வருசமாச்சு. இப்ப இம்ப்ளான்ட் வைக்கப் போனா இடம் பத்தலங்கிறாங்க."

ரிட்டெய்னரைத் தொடர்ந்து போடாமல் விட்டிருந்தால் பற்கள் சாய்ந்திருக்கும். போட்டிருந்தாலும், கழற்றி மாட்டும் ரிட்டெய்னர் பல்லின் தலையைத்தான் பிடிக்கும். உள்ளே வேர் மெல்ல நெருங்கி வர முடியும். சிறிய அளவு என்றால் சில மாதம் மறுபடி கம்பி போட்டு வேரை விலக்கலாம். அதற்கு மனமில்லை என்றால் ஒட்டுப் பல்லையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு வேர்களுக்கு நடுவில் இடம் தேவையில்லை. 14-15 வயதில் கம்பி முடிந்து இம்ப்ளான்டுக்குக் காத்திருப்பவர்கள் முதலிலேயே ஒட்டுப் பல் வைத்துக்கொண்டால், தலைப்பகுதியில் இடம் குறையாது. வேருக்காக வருடம் ஒருமுறை எக்ஸ்ரே பார்க்க வேண்டும்.

21. "இம்ப்ளான்ட் வச்சுப் பத்து வருசம். இப்ப பக்கத்துப் பல்லைவிட அது குட்டையா தெரியுது. சரியான வயசுலதானே வச்சேன்?"

வளர்ச்சி நின்றபின்னும் முகமும் பற்களும் மிக மெதுவாக, ஆண்டுக்கணக்கில் அசைந்துகொண்டே இருக்கும். வளர்ந்தவர்களிடமும் அரை மி.மீ., ஒரு மி.மீ. வித்தியாசம் வரலாம். ஈறு ஆரோக்கியமாக இருந்தால் மேலே உள்ள பல்லை மட்டும் புதிதாக நீளமாகச் செய்து மாட்டிக்கொள்ளலாம். ஸ்க்ரூவால் பூட்டிய பல் என்றால் கழற்றுவது சுலபம். முதலில் வைக்கும்போதே அந்த வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. ஈறில் சீழ், ரத்தம், அழுத்தினால் வலி எதுவும் இருந்தால் நீளத்தை விட்டுவிட்டு முதலில் எலும்பைப் பார்க்க எக்ஸ்ரே எடுங்கள். புகை, பான்பராக், கட்டுப்படாத சர்க்கரை இருப்பவர்களுக்கு அந்த எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடவே கூடாது.